கதவுக்குத் தெரிந்த முகம்
கன்னத்துத் தழும்புகளின்மேல் எதையும் பூசக் கூடாதென்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டதால், அன்று மாலை அலுவலகத்திலேயே முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள் ரேணுகாதேவி. முகம் பார்த்துத் திறக்கும் கண்ணாடிக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று, தழும்புகள் தெரியாதபடி கன்னம் நிறைய கிரீம் அப்பிய முகத்தைத்தான் அது பதிந்துவைத்திருந்தது. மற்றவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள்.

வெளியே நின்ற காவலாளி சற்குணம் கதவிடுக்கில் குனிந்து, "நீங்கதாம்மா, எனக்குத் தெரியுது. கதவுக்குத் தெரியலையே" என்றார். "பழச அழிச்சிட்டு இந்த முகத்தயே பதிஞ்சிடவா? ஆளுக்கு ஒரு முகம்தாம்மா எடுக்கும். நாளைலேருந்து இப்படியே வரணும்."

கண்ணாடியில் அவள் தழும்புகள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் சற்குணத்தின் முகம் பதிலுக்காகக் காத்திருந்தது. கைப்பைக்குள் அவள் விரல்கள் கிரீம் டியூபின் மூடியைத் திருகித் திறந்தன, மூடின, மறுபடி திறந்தன.