படகோட்டியின் முதுகு

எண்ணெய் வண்ணம் பழகுவதற்காக என் மனைவி கோமதி ஒரு பழைய ஐரோப்பிய ஓவியத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தாள். அதில் சட்டையில்லாத படகோட்டி ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான். அச்சுப் படத்தில் அந்த முதுகு துடைத்துவைத்தது போலிருந்தது. அவள் வரைந்த முதுகில் மட்டும், இடது தோளுக்குக் கீழே, ஒரு மச்சம் இருந்தது. "இது அதுல இல்லியே" என்றேன். "கை தன்னால வச்சிருக்கும்" என்றாள், திரும்பாமல். பழகாத எதையும் கை தன்னால் வைக்காது. அன்றிலிருந்து ஆண்களின் முதுகுகளைப் பார்க்க ஆரம்பித்தேன். மொட்டைமாடியில் துணி காயப்போடும் எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தேன். தண்ணீர் கேன் கொண்டுவருகிறவன் குனியும்போதெல்லாம் அவன் சட்டை மேலேறுகிறதா என்று நின்றேன். கோயில் குளத்தில் வேண்டுமென்றே கடைசி ஆளாகக் குளித்தேன். யாருக்கும் அந்த இடத்தில் மச்சம் இல்லை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போதுதான் என் முதுகை நான் பார்த்ததே இல்லை என்பது உறைத்தது. கண்ணாடி முன் கழுத்து வலிக்கத் திருகிப் பார்த்தேன். அந்த இடம் மட்டும் கண்ணுக்கு எட்டவில்லை. அப்படியே அவளிடம் போய்த் திரும்பி நின்றேன். "இங்க ஏதாவது இருக்கா பாரு." அவள் "அசையாம நில்லுங்க" என்றாள். வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாடை நெருங்கி வந்தது. இடது தோளுக்குக் கீழே, ஈரமான தூரிகை நுனி சில்லென்று தொட்டது.