என் பிரதியில் வந்த தம்பி

பூங்குழலி வீட்டு விமர்சனக் கூட்டத்தில் இருந்தவர்கள்: அறிவியல் கதைத் தொகுப்பில் எழுதிய பதினொரு பேரில் அவர் மட்டும், பேராசிரியர் சேவியர், நான். வாசிப்பவருக்கு ஏற்றபடி புத்தகங்கள் தம்மை மாற்றிக்கொள்ளும் காலம் இது. அது தெரிந்தும், ஒரே நூலைப் படித்தவர்கள் போல உட்கார்ந்தோம்.

பத்துக் கதைகள் சுமார் என்றேன். பூங்குழலியின் கதை, கடலில் தொலைந்த அவர் தம்பியைப் பற்றியது.

"தம்பி திரும்பி வந்து சோறு கேக்கிறது நம்புற மாதிரி இல்லக்கா," என்றேன்.

"எங்கய்யா வந்தான்? என் பிரதியில பொணமே கெடைக்கல. தூங்கிக்கிட்டே படிச்சியா?" என்றார் சேவியர்.

"நானும் கெடைக்கலன்னுதான் எழுதினேன்," என்ற பூங்குழலி என்னிடம் திரும்பினார். "சோத்துக்கு என்ன கேட்டான்?"

"சுட்ட கருவாடு."

"அத நான் எழுதவே இல்லையே. நெஜத்துல அவன் அதான் கேப்பான்."

யார் எழுதியதை விமர்சிக்க வந்தேன் என்று எனக்குப் புரியவில்லை. பூங்குழலி என் பிரதியை எடுத்துக்கொண்டார்.

"நீங்க தெறந்தா மாறிடும்க்கா."

"தெரியும். அச்சானதுலேர்ந்து பயந்துக்கிட்டுத் தெறக்கவே இல்ல. எனக்கு வர்றானான்னு பாக்கிறேன்."

உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தித் தாழிட்டுக்கொண்டார்.