கீறிய ஸ்பீக்கர்கள்

அவள் ஒற்றை ஆளாகத் தூக்கி வந்த கிட்டார் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் பின்பலகையைக் கழற்றியதும் கடைக்காரர் உச்சுக்கொட்டினார்.

"ரெண்டு ஸ்பீக்கரும் போச்சுக்கா. சத்தமா வெச்சுக் கிழிஞ்சதில்ல, யாரோ கத்தியால கீறியிருக்காங்க. எந்தப் புண்ணியவான் வேலை?"

அவள் அந்தக் கீறலை விரலால் தடவினாள்.

"புதுசு போட்டுக் குடுங்க தம்பி. பழைய சத்தம் அப்படியே வரணும்."

"வாசிக்கிறவர் வந்து கேட்டாத்தானே தெரியும்? வீட்டுக்காரர் வரலையா?"

"வரமாட்டார். நான் சொல்றேன். தடிச்ச கம்பி நல்லா உறுமணும். மெல்லிசுக் கம்பி காதைக் குத்தாம, கொஞ்சம் கமறினாப்பல இருக்கணும்."

கடைக்காரர் அசந்துபோனார். மூன்று ஜோடி ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிப் பொருத்தி, தன் கிட்டாரில் வாசித்துக் காட்டினார். மூன்றாவதில் பாவம், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதேதான்."

"உங்களுக்குப் பாம்புக் காதுக்கா! ரொம்ப நாளா ரசிச்சுக் கேட்டிருக்கீங்க."

"இருபது வருஷமா காதைப் பொத்திக்கிட்டுத்தான் கேட்டேன்."

கடைக்காரர் சிரித்தபடியே திருகாணிகளை முடுக்கினார். "புது ஸ்பீக்கர் முதல்ல விறைப்பாத்தான் இருக்கும். அண்ணனை தினமும் ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லுங்க. ஒரு மாசத்துல இளகிடும்."

"வாசிக்க கிட்டார் இல்ல தம்பி. நான் இதைக் கீறின மறுநாளே வித்துட்டார். அன்னியிலேருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல."

கடைக்காரரின் கை அப்படியே நின்றது.

"அப்ப இது எதுக்குக்கா?"

"இதைக் கொண்டுபோய் முன்னால வெச்சா, என்னைத் திட்டவாவது வாயைத் திறப்பாரில்ல?"