ரோமத்துக்குள் இருந்த நாய்

முதலில் சீவிவிட்டு அப்புறம்தான் குளிப்பாட்ட வேண்டும். சேவியர் அது தெரியாமல் முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டார். காய்ந்ததும் நாய் பப்லுவின் சுருள்முடியில் இருந்த சிக்கெல்லாம் ஒன்றாக இறுகிக் கம்பளிபோல் ஆகிவிட்டது. சீப்பு இறங்கவே இல்லை. தினமும் சீவிவிட்ட மகள் வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது.

"மெஷின் போட்டு மொத்தமா எடுத்துடறேன்" என்றார்.

"என்னமோ பண்ணுங்க" என்றாள் அவர் மனைவி ஹில்டா, கொல்லைக் கதவருகே நின்று.

மெஷின் சூடாகும்போதெல்லாம் அதை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். நாயும் முரண்டு பிடிக்கவில்லை. தூக்கிப் பிடித்த காலை அப்படியே அவர் கையில் விட்டிருந்தது. மாலையில் ரோமம் முழுவதும் கழற்றிய சட்டையைப்போல ஒரே துண்டாக வந்தது. தரையில் போட்டபோதும் அது கொழுத்த நாயின் வடிவத்திலேயே கிடந்தது.

உள்ளேயிருந்து வந்தது வேறு நாய். விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நிற்க முடியாமல் நின்றது.

"தட்டு தினமும் காலியாத்தானே இருந்துச்சு?" என்றார் சேவியர்.

"வெச்சிட்டு உள்ள வந்துருவேன். காக்கா தின்னுருக்கும்."

சேவியர் தரையில் கிடந்த ரோமத்தை ஓரமாகத் தள்ளினார்.

"எழுந்து கை கழுவுங்க, சோறு போடறேன். நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்" என்று அவள் திரும்பினாள்.

சேவியர் நிமிர்ந்து பார்த்தார். தோளில் போட்டிருந்த தடித்த துண்டுக்குக் கீழே அவளுடைய நைட்டி உடம்பில் எங்கும் படாமல் தொங்கியது.

"எப்ப?" என்று கேட்டார்.