வெட்டிய வரிகள்

சொற்பொருள் பேசும் அந்த மின்னஞ்சல் குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மறுப்பவர், எதிராளியின் மடலை முழுதாக மேற்கோள் காட்டி, அதற்குக் கீழேதான் எழுத வேண்டும். அருணகிரி மட்டும் தனக்கு வேண்டிய ஒற்றை வரியை வெட்டிப் போட்டு அடிப்பார்.

‘சோர்வு வேறு, அயர்ச்சி வேறு’ என்று பரிமளா எழுதியபோதும் அந்த ஒரு வரியைத்தான் எடுத்தார். “ஆதாரம் காட்டுங்க மேடம்” என்றார். “முழுசாப் படிச்சிட்டுக் கேளுங்க சார்” என்று பதில் வந்தது. அதன்பின் பரிமளா எழுதவே இல்லை. வாயை அடைத்துவிட்டோம் என்று அருணகிரி உள்ளூரப் பூரித்தார்.

ஒன்றரை மாதம் கழித்து, பரிமளா இறந்துவிட்ட செய்தி குழுவுக்கு வந்தது. அருணகிரி அந்தப் பழைய மடலைத் தேடித் திறந்தார். வெட்டிய வரிக்குக் கீழே இன்னும் சில வரிகள் இருந்தன. ‘சோர்வு தூங்கி எழுந்தால் போய்விடும். ஐந்தாவது கீமோவுக்குப் பிறகு, தண்ணீர்ச் செம்பைத் தூக்கவே எனக்கு இரண்டு கை வேண்டியிருக்கிறது. இதற்குச் சோர்வு என்ற சொல் போதவில்லை சார்.’

அன்றுதான் முதன்முதலாக இன்னொருவருடைய மடலை ஓர் எழுத்தும் குறையாமல் மேற்கோள் காட்டினார். கீழே எழுத வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அப்படியே அனுப்பினார்.

உடனே யாரோ கேட்டிருந்தார்கள்: “மேற்கோள் மட்டும்தான் வந்திருக்கு. உங்க பதில் எங்க சார்?”