சத்தம் பதிவாகாது

பட்டப்பகலில், நடுத்தெருவில் நின்று, தையல் மாஸ்டர் மளிகைக்கடைக்காரம்மாவைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மாவோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தாலாட்டு கேட்பவள்போல் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க கடை நூலு ஊசியில கோக்கறதுக்குள்ள அறுந்துடுது. உங்க தராசுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. கடையா இது?"

அவர் பேசியது அவருக்கே கேட்கவில்லை. பக்கத்தில் ஆளுயர ஸ்பீக்கர் ஒன்று தெருவையே குலுக்கிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் சலூன்காரர் மகன், மூன்று பேர் தாராளமாக நுழையக்கூடிய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, காற்றைக் கையால் வெட்டி வெட்டி ராப் பாடினான்.

"எங்க தெரு, எங்க மூச்சு!
ஊசிக்கும் நூலுக்கும் ஓயாத பேச்சு!"

தெருவின் அன்றாடப் பிழைப்பைக் கொண்டாடுகிற வீடியோவாம். டயர்க்கடை, டீக்கடை, மாடியில் துணி உலர்த்துகிறவர்கள் எல்லாம் எடுத்தாகிவிட்டது. மாஸ்டர் மளிகைக்கடையில் பேரம் பேசுகிற காட்சி ஒன்றுதான் பாக்கி.

மனுஷன் லேசில் சம்மதிக்கவில்லை. ஒரு டேப்பால் அளந்ததை இன்னொரு டேப்பால் சரிபார்க்கிற ஆள் அவர்.

"மைக்கை எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்கே?" என்று டைரக்டர் பெண்ணைக் கேட்டிருந்தார்.

"மைக்கே இல்ல சார். பாட்டு முன்னாடியே பதிவாயிடுச்சு. இப்ப படம் மட்டுந்தான். நீங்க என்ன பேசினாலும் யார் காதுக்கும் போகாது. வாய் அசைஞ்சா போதும்."

"சத்தியமா?"

"சத்தியமா சார்."

அதற்கப்புறமும் கேமராவுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போய் நின்றார்.

அன்றைக்கு மனசும் சரியில்லை. காலையிலேயே மகள் போன் பண்ணியிருந்தாள். "ஒண்டிக்கட்டையா அங்க என்னப்பா பண்றே? கடையை மூடிட்டு இங்க வந்துடு. வண்டி அனுப்பட்டுமா வேணாமான்னு சாயங்காலம் கேப்பேன். மழுப்பாம பதில் சொல்லணும்."

வேண்டாம் என்று சொல்ல அவரிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அது எதிர்க்கடையில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. புருஷன் போனபிறகு மில் வேலையை விட்டுவிட்டுக் கடை போட்டவள். இத்தனை வருஷத்தில் அவளிடம் அவர் பேசியதெல்லாம் சோப்பு, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி. அதற்குமேல் வாய் வந்ததில்லை.

அந்தத் தெருக்காரர்களே அவருக்கு ஒத்துவரவில்லை. முக்கால்வாசிப் பேர் பக்கத்துத் தறி மில்லில் வேலை செய்கிறவர்கள். பேசினால் கண்ணைப் பார்க்க மாட்டார்கள், வாயையே பார்ப்பார்கள். எத்தனை பல் விழுந்திருக்கிறது என்று எண்ணுகிறார்களோ என்று அவருக்குச் சந்தேகம்.

"கட்! சார், நிஜமாவே சண்டை போடற மாதிரி இருக்கு. கொஞ்சம் பாசமா பேசுங்க," என்றாள் டைரக்டர்.

"பேரம் பேசறதுல என்னம்மா பாசம்?"

"கொண்டாட்டப் பாட்டு சார் இது. இன்னொரு தடவை!"

ஸ்பீக்கர் மறுபடி அதிர்ந்தது. மாஸ்டர் ஒரு சோப்பை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். அந்த இரைச்சல் கொடுத்த தைரியத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மக வண்டி அனுப்பறேங்கறா. எனக்குப் போக மனசில்ல. காலையில கடையைத் திறந்தா எதிர்ல நீங்க இருக்கணும். இந்த வயசுல கேக்கவே கூச்சமா இருக்கு... என்னைக் கட்டிக்கிறீங்களா?"

சோப்பை ஆட்டி ஆட்டி, விலை படியாத முகத்தோடுதான் சொன்னார். கடைக்காரம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. மாடியில் துணி உதறிக்கொண்டிருந்தவள் உதறிய கையோடு அப்படியே நின்றாள்.

"கட்! பிரமாதம்! அந்த மாடி அக்கா சிலையாட்டம் நின்னாங்க பாருங்க, அதான் வேணும்," என்றாள் டைரக்டர். "சார், க்ளோசப்புல ஒண்ணு எடுத்துடலாம். இப்ப சொன்னதையே சொல்லுங்க."

மாஸ்டர் மறுபடி கேமராவுக்கு அடியில் குனிந்து பார்த்தார். கேமரா மூக்குக்கு நேரே வந்து நின்றது. டயர்க்கடைக்காரன் முதல் மாடிக்காரி வரை, வேலையைப் போட்டுவிட்டு இறங்கி வந்து சுற்றி நின்றார்கள்.

"இந்தச் சோப்புல நுரையே வரல. வேற சோப்பு குடுங்க," என்று அவர் முடித்துக்கொண்டார்.

கூட்டம் ஏனோ உச்சுக் கொட்டியது.

படம் பிடிக்க வந்தவர்கள் ஸ்பீக்கரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாஸ்டர் மிஷின் முன்னால் உட்கார்ந்து, பட்டன் வைத்த சட்டையிலேயே இன்னொரு பட்டன் வைத்துக்கொண்டிருந்தார். சொன்னபடி போன் அடித்தது.

"என்னப்பா, வண்டி அனுப்பட்டுமா?"

அவர் பதில் சொல்லுமுன் வாசலில் நிழல் விழுந்தது. கடைக்காரம்மா. அவளுக்குப் பின்னால் பாதித் தெரு.

"வண்டி வேணாம்னு சொல்லுங்க மாஸ்டர்."

"அது... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தறி ஓடற இடத்துல காது எதுக்கு ஆகும்? மில்லுல நாங்கல்லாம் உதட்டைப் பாத்துத்தான் பேசிக்குவோம்."

மாஸ்டர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவர் வாயைப் பார்த்தது. அதை இறுக்கி மூடிக்கொண்டார்.

"அப்பா, யாருப்பா அங்க?" என்றாள் போனில் மகள்.

கடைக்காரம்மா அதைக் காதில் வாங்கவில்லை.

"ரெண்டாவது தடவை சொன்னீங்களே மாஸ்டர், அதுக்குச் சரி."