தலையணைக் கோடு

கொழும்பு இரவு மெயில் திருகோணமலை ஸ்டேஷனில் வந்து நிற்கிறது. துறைமுகப் பக்கத்துக் காலை வெயில் பனியில் நனைந்த பெட்டிகளின் மேல் மினுங்குகிறது. துணிக்கடை ஸெய்னுதீன் படுக்கைப் பெட்டியிலிருந்து இறங்குகிறார். கன்னத்தில் தலையணை மடிப்பு பதித்த கோடு. நேற்று மத்தியான விமானத்துக்கு எடுத்த டிக்கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரயிலேறியவர். விமானம் ஒரு மணித்தியாலத்தில் கொண்டுவந்து விடும்தான், ஆனால் கொழும்பில் அரைநாள் வியாபாரத்தைத் தின்றுவிடும். ரயில் எடுப்பது நித்திரை கொள்ளும் நேரத்தை மட்டுந்தானே, அதில் யாருக்கு என்ன நட்டம்? கிண்ணியாவிலிருந்து மச்சான் ஆதம்லெப்பை வந்து நிற்பதைக் கண்டதும் முகம் மலர்கிறது. “நல்ல நித்திரை மச்சான், மாஹோ ஸ்டேஷன் வந்ததும் தெரியாது,” என்கிறார். ஆதம்லெப்பை அவருடைய கைப்பெட்டியை வாங்குகிறார். அவருடைய சாறன் ஓரத்தில் மண் காய்ந்திருக்கிறது.

“உங்கட உம்மா நேற்று சுபஹ் தொழுகையோட மௌத்தாகிட்டா. பிளேனில வாறதெண்டு நீங்க எழுதினபடியால தந்தியும் அடிக்கல்ல. சீனக்குடா ஏர்போட்டில போய் நின்டனான். எல்லாரும் இறங்கினாங்க, உங்களக் காணல்ல; அதான் இண்டைக்கு மெயிலப் பாக்க வந்தன். பொழுதுபட்டு மஃரிப் தொழுகை மட்டும் மையித்த வெச்சிருந்தம் மச்சான். அதுக்கு மேல ஏலாமப் போச்சு, அடக்கிட்டம்.”

பின்னால் யாரோ படுக்கைப் பெட்டியின் தலையணைகளை ஜன்னலில் ஒவ்வொன்றாகத் தட்டுகிறார்கள். வெயிலில் தூசி பறக்கிறது. ஸெய்னுதீன் உள்ளங்கையால் கன்னத்தைத் தேய்க்கிறார். மறுபடியும் அழுத்தித் தேய்க்கிறார். விரலில் அந்தக் கோடு இன்னும் தட்டுப்படுகிறது.